சின்னக் கண்டாக்குக்கு ஒரு வீடு

ஓய்வு பெறுகிற உத்தியோகத்தர் குவாட்டர்ஸை எந்தத் தேதிக்குள் விட்டுப் போக வேண்டும் என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வரும். எனக்கும் வந்தது. என் நீண்ட சேவையைப் பாராட்டி ஒரு வரியும், சாவியை ஒப்படைப்பது பற்றி ஒன்பது வரியும் அதில் இருந்தன. கதவு, ஜன்னல், தண்ணீர்த் தாங்கி, பின்பக்கத்து விறகுக் கொட்டில் ஆகியவற்றை எந்த நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். நாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் இரண்டு முறை படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒரு முறை படித்துவிட்டு, "அப்ப அத என்னங்க செய்றது?" என்று கேட்டாள்.

நான் முப்பத்து நான்கு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்காக இருந்தவன். கடதாசியில் வெளிக்கள உத்தியோகத்தர் என்று இருக்கும். மலையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காலையில் பெரட்டு எடுப்பது என் முதல் வேலை. அதாவது, ஆறரை மணிக்குத் தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். நான் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்குக் கொழுந்து பறிக்க, இன்னார் அந்த மலைக்குக் கவ்வாத்து வெட்ட என்று பிரித்து அனுப்புவேன். செக்ரோலை மூடிய பிறகு வருகிறவர்களுக்கு அன்று வேலை கிடையாது. வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை. எல்லாரையும் ஒரே மாதிரித்தான் விரட்டினேன்.

நாய் என்னிடம் வந்து ஒன்பது வருடம். ஒரு அடைமழை நாளில் தேயிலைக்கு நடுவே வெட்டிவிட்ட கானுக்குள் குட்டியாகக் கிடந்தது. தண்ணீர் அதன் கழுத்துவரை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் மழைக்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த மறுநாள்தான் இப்போது வந்திருந்தது. பெயர் வைத்தது மனைவி. அதை இங்கே எழுதினால் அதே பெயருள்ள இரண்டு மூன்று நல்ல மனிதர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

வளர்ந்ததும் என்னோடு பெரட்டுக்கு வரத் தொடங்கியது. நான் எதையும் பழக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தானாகவே வேலையைக் கற்றுக்கொண்டது. ஜனங்கள் வரிசையாக நின்று, முன்னால் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டால் களத்து வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு யார் வந்தாலும் குரைக்கும். முன்னால் வந்தவர்களைப் பார்த்து ஒரு நாளும் குரைத்ததில்லை. மலையில் யாராவது தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே கூடையை இறக்கிவைத்து உட்கார்ந்தால், அவர்கள் முன்னால் போய் நிற்கும். குரைக்காது. எழுந்திருக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஜனங்கள் அதைச் சின்னக் கண்டாக்கு என்று கூப்பிட்டார்கள். நான் அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நாய் என்றால் உயிர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால்தான் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் இருந்திருந்தாலும் ஒன்பது வருடம் விடாமல் காலை ஆறரைக்கு என்னோடு பெரட்டுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தலவாக்கலை டவுனில் ஒரு கடைக்கு மேலே எங்களுக்கு வீடு அமைந்தது. இரண்டு அறை, குசினி, ஸ்டேஷனைப் பார்த்த ஜன்னல். வீட்டுக்கார நோனா ரிட்டயரான டீச்சர், நல்ல மனுஷி. எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது நாயைப் பற்றிச் சொன்னேன். "பல்லோ நம் எபா, மாத்தயா," நாய் மட்டும் வேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் உபயோகித்து, இது மற்ற நாய்களைப் போல இல்லை, ஒழுங்கான நாய், நேரம் தவறாத நாய் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேண்டுமென்றால் மீன் வளர்க்கலாம் என்றார்.

நாயைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த வருடம் தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லயத்துப் பக்கம் சிறுத்தை இறங்கி மூன்று நாய்களைக் கொண்டுபோயிருந்தது. ஆள் இல்லாத வீட்டு வாசலில் கிடக்கிற நாய் நாலாவதாகப் போகும். எனக்குப் பதிலாக வரப்போகிற புதுக் கண்டாக்கு வாலிபன். அவனுடைய மனைவிக்கு நாய் என்றால் பயம். தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதொரையிடம் சொன்னேன். அவர் இரக்கப்பட்டு, டவுனில் மிருக டொக்டர் இருக்கிறார், ஒரே ஊசி, வலி தெரியாது என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாவி கொடுக்க ஆறு வாரம் இருந்தது. அதற்குள் நாய்க்கு ஒரு வீடு பார்த்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த வழியில் தொடங்கினேன். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் மலை பிரித்துக் கொடுத்த பிறகு, "நாய ஒரு நல்ல வீட்டுக்குக் குடுக்கணும். விருப்பப்பட்டவங்க கையத் தூக்குங்க," என்றேன். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். சரிவான மலைக்கு யாரும் போக விரும்பாத நாட்களில் எப்படிக் கேட்பேனோ, அதேபோல என் வாய் தானாக, "அப்ப நானே பேரு சொல்லவா?" என்று கேட்டுவிட்டது. நாய் வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அது அப்போது கொஞ்சம் வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் தலைவர் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் தலைவர் என்றால் தொழிற்சங்கத் தலைவர். சட்டை மாற்றி, தலை வாரி வந்திருந்ததால் விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. பெரட்டுல சொன்னா அது வேலைங்க."

"வேல இல்லப்பா. நாய்."

"பெரட்டுல சொன்னா வேலதாங்க. வேலன்னா அதுக்குப் பேரு போடணும். அது முழுப் பேரா, அரப் பேரா? ஞாயித்துக்கெழம யாரு பாக்குறது? பொம்பளையாளுக்குக் குடுக்குறதா, ஆம்பளையாளுக்கா? ஜனங்க கேக்குறாங்க."

பேர் போடுவது என்றால் ஒரு நாள் வேலையாகச் செக்ரோலில் பதிவது. அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. வேறு யாராவது பெரட்டில் அப்படி அறிவித்து அவர் சும்மா இருந்திருந்தால், நானே அவரைக் குறை சொல்லியிருப்பேன். இது வேலை இல்லை, என் சொந்த வேண்டுகோள் என்றேன்.

"வேண்டுகோள்னா லயத்துல வந்து கேக்குறதுதாங்க மொற," என்றார் தலைவர். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, நாயின் தலையைத் தடவாமல் போனார்.

கண்டாக்கு லயத்துக்குப் போய் ஒன்றைக் கேட்பது அதுவரை நடந்ததில்லை. லயத்துக்குப் போனால் ஏதாவது சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் பூசை முடிந்து வந்ததும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு லயத்தில் வீடு வீடாக, காம்பரா காம்பராவாகப் போனேன். ஒவ்வொரு வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பிலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். பூப்போட்ட கோப்பையை வெளியே எடுத்தார்கள். நாய் அவர்கள் முன்னால் நின்று பார்த்தது. அவர்கள் உட்காராமலே பேசினார்கள்.

ஒரு வீட்டில் கோழி இருந்தது. ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருந்தாள். ஒரு வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தது. அது எங்கே என்று கேட்டதற்கு, வெளியே போயிருக்கிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் எல்லாரும் சீக்கிரமே கொழும்புக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லவில்லை. எல்லாரும் நாயை நல்ல நாய் என்றார்கள்.

கடைசிக் காம்பராவில் கவ்வாத்து வெட்டுகிற ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது; அதனால் தொழிற்சங்கத்திலும் அவரை முன்னால் விடமாட்டார்கள். என்னைப் படியில் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

"நாய்ல ஒன்னும் குத்தமில்லங்க ஐயா. வேல முடிஞ்சு வந்து கால நீட்டி உக்காருவோம். அப்ப இது முன்னால வந்து நின்னு பாக்கும்ங்க. வீட்டுக்குள்ளயும் நீங்க வந்து நிக்கிற மாதிரி இருக்கும்ங்க."

நான் மரியாதையாகச் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் கோபமாக இருந்தது. எதன் மேல் கோபம் என்று யோசித்தேன். பெரியவர் மேல் இல்லை. நாயைப் பார்த்தேன். அது வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பார்த்து நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் திட்டினேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள், "நாய்க்கு வீடு கேட்டுப் போனீங்க. ஒங்களப் பத்திக் கேட்டுட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

அடுத்ததாகக் கோயில் ஞாபகம் வந்தது. நாங்கள் வேதக்காரர்கள். டவுன் கோயிலில் ஃபாதர், தன் இல்லத்துக்குக் காவல் நாய் ஒன்று வேண்டும் என்று ஒருமுறை சொன்னதாக மனைவிக்கு நினைவு. ஃபாதர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை கொண்டுபோய் விட்டேன். நாயிடம் விடைபெற்று வெளியே வரும்போது கண் கலங்கியது. ஃபாதர் என் தோளைத் தட்டினார்.

ஞாயிறு பூசைக்கு நாங்கள் நேரத்தோடு போனோம். ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஒருவர் பேச ஆரம்பித்தார். நாய் எழுந்து போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்தது.

முதல் வாசகத்தின்போது வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துக் குரைத்தது. அவர்கள் படியிலேயே நின்றார்கள். அடுத்ததாகப் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவரை உள்ளே விடவில்லை. அன்று பாட்டுகள் ஆர்மோனியம் இல்லாமல் போயின. பிரசங்கம் முடிவதற்குள் வெளியே இருந்த கூட்டம் உள்ளே இருந்த கூட்டத்தில் பாதி அளவு வந்துவிட்டது. ஜனங்கள் பிந்தி வருவதைப் பற்றி ஃபாதர் பல வருடமாகப் பிரசங்கம் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அன்று அவர் பீடத்திலிருந்து வாசலைப் பார்த்தபோது அவர் முகத்தில் நான் கண்டது கோபம் அல்ல. ஆனால் கடைசியாக வந்தவர் பங்குச் சபைச் செயலாளர். மத்தியானத்துக்குள் ஆட்டோ பிடித்து, நாயைப் பின்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவரே கொண்டுவந்து எங்களிடம் இறக்கிவிட்டார். நாய் சந்தோஷமாக இறங்கியது. அடுத்த வாரம் ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

சாவி கொடுக்க நாலு நாள் இருந்தது. கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். மிருக டொக்டரின் நம்பரை நான் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மனைவிக்கு அது தெரியும். நாய் பெட்டிகளுக்கு நடுவே நடந்து எல்லாவற்றையும் மேற்பார்வை செய்தது.

மழைக்குப் பொலித்தீன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு அம்மா குசினிப் பக்கம் வந்து நின்றார். கொழுந்து பறிக்கிறவர். பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது திருப்பி அனுப்பியிருப்பேன். ஏன் பிந்துகிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டால் காரணம் சொல்வார்கள். சொன்னால் யோசிக்க வேண்டிவரும். பெரட்டு அதற்கான இடம் இல்லை.

"நாய எனக்குக் குடுங்க ஐயா," என்றார்.

நான் நம்பவில்லை. "ஒன்னயப் பாத்துத்தான் அது ஆகக் கூடக் கொரைச்சிருக்கு."

"ஆமாங்க. கொரைச்சுட்டு கூடவே வந்துரும்ங்க."

"எங்க வரும்?"

"வீட்டுக்குங்க."

பெரட்டு முடிந்ததும் நாய் கொஞ்ச நேரம் காணாமல் போகும். ஒன்பதரைக்குக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் சரியாக வந்து நிற்கும். அது தோட்டத்துக் கீழ் எல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது என்று நான் நினைத்திருந்தேன். பெரியதொரையிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த அம்மா வாசற்படியில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார்.

அவருடைய வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிற்று. காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு ஓடி வருவதற்குள் செக்ரோல் மூடியிருக்கும். நாய் குரைக்கும். நான் திருப்பி அனுப்புவேன். அவர் திரும்பி நடந்தால், நாய் பின்னாலேயே லயம்வரை வரும்.

"மொத நாளு வெரட்டிக்கிட்டு வருதுன்னு பயந்துட்டேங்க. வீட்டுக்குள்ள வந்து அவரு கட்டிலுகிட்டப் படுத்துக்கிச்சு. அவரு பாதி ரொட்டியப் போட்டாரு. அப்பறம் நான் வேலைக்கு வந்த நாள்லயும் அது தன்னால போயிரும்ங்க. அவருக்குப் பேச்சுத் தொணைக்கு ஆளில்லீங்களா, அதுகூடயேதான் பேசிக்கிட்டு கெடப்பாரு. மச்சான்னுதான் கூப்புடுவாரு."

"ரொட்டிக்காகப் போயிருக்கும்," என்றேன்.

"ரொட்டிக்காகத்தாங்க," என்று உடனே ஒத்துக்கொண்டார்.

அவருடைய வீட்டுக்காரர் நாயை மச்சான் என்று கூப்பிட்டால், அந்த முறைப்படி நாய் இவருக்கு அண்ணனோ தம்பியோ ஆக வேண்டும். நாய் எனக்கு என்ன முறை என்று பார்த்தால் அது வேறு எங்கேயோ போகும். நான் அதை அதற்கு மேல் கொண்டுபோகவில்லை.

"அவரு போனப்ப ரெண்டு நாளு எங்க இஸ்தோப்புலயே கெடந்துச்சுங்க. தூக்கிக்கிட்டுப் போறப்ப பின்னாலயே வந்துச்சு," என்றார்.

அந்த இரண்டு நாட்கள் எனக்கு நினைவிருந்தன. நாய் வீட்டுக்கு வரவில்லை. ஏதோ பெட்டை நாயின் பின்னால் போயிருக்கிறது என்று முடிவுகட்டி, வந்ததும் விறகுக் கொட்டிலில் ஒரு பகல் முழுவதும் கட்டிப்போட்டேன். சாவுவீட்டுக்கு நானும் போயிருந்தேன். வாசலில் ஐந்து நிமிடம் நின்று, தலைவரிடம் துக்கம் சொல்லிவிட்டு வந்தேன். நாய் அங்கே எந்த மூலையில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

பின்னால் மனைவி கோப்பை சுற்றுவதை நிறுத்தியிருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது பொறாமை. என் நாய் எனக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டில் வாழ்ந்திருக்கிறது என்ற பொறாமை. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், ஒரு உத்தியோகத்தர் செய்ய வேண்டியதைச் செய்தேன். அவரைக் குசினிக்குள் கூப்பிட்டு நாயைப் பராமரிக்கும் விதத்தை எடுத்துச் சொன்னேன். கோழி எலும்பு கொடுக்கக் கூடாது. சோறு ஆறியிருக்க வேண்டும். உண்ணிக்கு மருந்து இன்ன மாதிரிப் பூச வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இடி இடிச்சா மட்டும் கட்டிலுக்கடியில விட்டுறணும்ங்க," என்று எனக்குச் சொன்னார்.

"என் நாய்க்கு இடின்னா பயமில்ல."

"ஒங்களுக்கு முன்னால பயமில்லாம இருந்திருக்கும்," என்றாள் மனைவி.

நாய் அவரோடு போனது. கயிறு தேவைப்படவில்லை. நான் கொடுத்துவிட்ட தட்டு, பழைய கம்பளி, உண்ணி மருந்து எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரு பையில் தூக்கிக்கொண்டார். திருப்பத்தில் அது ஒருமுறை நின்று எங்களைப் பார்த்தது என்று மனைவி சொல்கிறாள். நான் அப்போது உள்ளே சட்டைப் பையிலிருந்த துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

சாமான் லொறி புறப்பட்ட அன்று, நாயைக் கட்டிவைக்கும்படி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். லொறிக்குப் பின்னால் ஓடிவந்து ரோட்டில் அடிபட்டுவிடும் என்று பயம். அந்த அம்மாவின் லயத்தைக் கடக்கும்போது டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். நாயைக் கட்டியிருக்கவில்லை. இஸ்தோப்பில் படுத்திருந்தது. தலையைத் தூக்கி லொறியைப் பார்த்துவிட்டு மறுபடி தாழ்த்திக்கொண்டது. மனைவி டிரைவரிடம், "நீங்க வேகமாப் போங்க தம்பி," என்றாள்.

டவுன் வீட்டில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்து முகம் கழுவி உடுத்திக்கொண்டு ஜன்னலருகில் உட்காருவேன். ஆறரை ஆகும். ஒன்றும் நடக்காது. ஒரு மாதத்துக்குத் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது, போனால் மனசு குழம்பிவிடும் என்று மனைவி தடை போட்டிருந்தாள். யார் மனசு என்று அவள் சொல்லவில்லை. நான் இருபத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் பேக்கரியில் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் கொஞ்சம் பணிசும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கி நடந்தபோது எதிரே கவ்வாத்துக்காரப் பெரியவர் வந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்காமலே தெரிந்துகொண்டார்.

"நீங்க கவலையே படாதீங்க ஐயா. நீங்க போன அன்னிக்கு ஒரு சட்டி சோத்தத் தின்னுட்டு, காலையில வரைக்கும் தூங்குச்சு. நாங்களே பாத்தோம்," என்றார்.

எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் அவருக்கு ஒரு பணிஸ் கொடுத்தேன்.

இஸ்தோப்பில் அந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் வெயிலில் கிடந்தது. இருபத்து மூன்று நாளில் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. நான் விசிலடித்தேன். எழுந்து வந்தது, வாலை ஆட்டியது, என்னை இரண்டு முறை சுற்றியது, கையை நக்கியது. பிஸ்கட் முழுவதையும் தின்றது. பிறகு திரும்பிப் போய் அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. பழைய உத்தியோகத்தரைக் கண்டால் மரியாதைக்கு எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார்களே, அவ்வளவுதான்.

எனக்கு நாற்காலி வந்தது, தேத்தண்ணி வந்தது. அந்த அம்மா எழுந்து நின்று பேசவில்லை. நாயின் தலை பாதத்தின் மேல் இருந்ததால் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் அவரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் வரும்போதே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்திருந்தேன். ஆரம்பித்தேன்.

"அந்த நாள்ல நீங்க பிந்தி வந்தப்ப, நான் ஒரு வார்த்த..."

"தேத்தண்ணி ஆறுதுங்க ஐயா," என்றார்.

குடித்தேன். நாய் குறட்டை விட ஆரம்பித்திருந்தது. அது என்னிடம் இருந்த ஒன்பது வருடத்தில் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, "நாங்க போன பொறகு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கீரையிலிருந்து கையை எடுத்தார்.

"அத ஏங்க கேக்குறீங்க. சோத்துல வாயே வைக்கலங்க. லொறி போன ரோட்டப் பாத்துக்கிட்டே கெடந்துச்சு. ஒங்களயேதான் தேடுச்சு."

"எத்தன நாளு?"

"ரெண்டு நாளுங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இல்லங்க. மூணு நாளு."